முதல் பந்து அவருடையது

பெண்கள் வாலிபாலில் கிம் யோன் கியோங்கை விடப் பலமாக அடித்தவர்கள் உண்டு. அவரை விட உயரமாக எம்பியவர்களும் உண்டு. ஆனால் அவரைப் போல அத்தனையும் கைவந்த ஆட்டக்காரர் இன்னொருவர் இல்லை. இதைத் தயங்காமல் சொல்வேன், யாரோடும் வாதாடுவேன். தென் கொரியாவின் ஆன்சான் நகரத்துப் பெண். உயரம் 192 செ.மீ., முதுகில் 10-ஆம் எண். 2005-இல் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்து 2025-இல் விடைபெற்றார். இடையில் கொரியா, ஜப்பான், துருக்கி, சீனா என்று நான்கு நாடுகளின் லீக்குகள், மூன்று ஒலிம்பிக்குகள். வேலை நிமித்தமாகக் கொரியாவுக்கு வந்த எனக்கு இந்த நாடு கொடுத்த பெரிய கொடை எது என்று கேட்டால், இவர் ஆடியதைப் பார்க்கக் கிடைத்ததுதான் என்பேன்.

பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் நடக்கிற மின்னொளி வாலிபால் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அங்கே விசிலும் கைதட்டலும் ஸ்மாஷ் அடிக்கிறவருக்குத்தான். அந்தக் கண்ணோடுதான் கிம்மையும் பார்க்கத் தொடங்கினேன். அவருடைய அடி அப்படி. இடது முனையிலிருந்து எம்பி, எதிரே மூன்று பேர் தடுப்புக் கட்டி நின்றாலும், கோட்டோரமாக ஒரு சாண் இடைவெளியில் பந்தை இறக்கிவிடுவார். ஆனால் ஆட்டம் ஆட்டமாகப் பார்த்த பிறகு என் கண் தானாகவே வேறு இடத்துக்குப் போய்விட்டது. அவர் அடிப்பதற்கு முன்னால் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்க ஆரம்பித்தேன். ரசிகை என்கிற நிலையைத் தாண்டி நான் பித்துப் பிடித்தவளானது அப்போதுதான்.

இடது முனை ஆட்டக்காரருக்கு இரட்டை வேலை. எதிரணியின் சர்வீஸை, அதாவது தன் பக்கம் வருகிற முதல் பந்தை, எடுத்து, செட்டரின் தலைக்கு மேலே போய்ச் சேருகிற மாதிரி கொடுக்க வேண்டும். கொடுத்த கையோடு ஓடிவந்து, செட்டர் தூக்கித் தருவதை அடிக்கவும் வேண்டும். எதிரணிக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் பெரிய அடிகாரர் யாரோ அவரைக் குறிவைத்தே சர்வீஸ் போடுவார்கள். பந்தை எடுப்பதிலேயே அவர் களைத்துப் போனால் அடிக்க வரமாட்டார் என்பது கணக்கு. உயரமான ஆட்டக்காரர்களில் பலர் இங்கேதான் தடுமாறுவார்கள். நெடிய உடம்பு, நீண்ட கைகால், தரையோடு வருகிற பந்துக்குக் குனிய நேரம் போதாது. பல அணிகள் அப்படிப்பட்டவர்களைச் சர்வீஸ் எடுக்கிற வரிசையிலிருந்தே மறைத்து நிறுத்தும்.

கிம்மை யாரும் மறைத்து நிறுத்தியதில்லை. எதிராளி பந்தை மேலே எறியும்போதே அவருடைய குதிகால் தரையை விட்டு லேசாக எழும்பிவிடும். அடி விழுந்த கணத்தில் இரண்டு சின்ன எட்டு. அதற்குள் பந்துக்கு நேரே வந்திருப்பார். ஓடிக்கொண்டே எடுப்பது மிக அபூர்வம். வந்து நின்றுதான் எடுப்பார். இரண்டு முன்னங்கைகளும் சேர்ந்து ஒரு பலகையாகும். இடது தோள் சற்றே தாழும். அவ்வளவு வேகத்தில் சுழன்றுவந்த பந்து, தூங்குகிற குழந்தையை மடி மாற்றுவது போல, சுழற்சி அடங்கிச் செட்டரிடம் போகும். பந்து இன்னும் காற்றில் இருக்கும்போதே அவர் ஓட்டத்தைத் தொடங்கியிருப்பார். இடது, வலது, இடது, எம்பல். எடுத்தவரும் அடித்தவரும் ஒரே ஆள். இதை ஒரு செட்டில் எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலித்ததே இல்லை.

இந்தக் கை எங்கிருந்து வந்தது என்பதில்தான் அவர் கதையின் அழகு இருக்கிறது. மூன்று பெண்களில் கடைக்குட்டி. மூத்த அக்கா வாலிபால் ஆடியதைப் பார்த்து இவரும் ஆட வந்தார். அப்போது குள்ளம். நடுநிலைப் பள்ளியில் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தார். கூட ஆடிய பள்ளித் தோழி கிம் சு ஜி உயரமானவர், அணியின் நட்சத்திரம். இவருக்கோ யாராவது இல்லாத நேரத்தில் செட்டராகவோ, பின்வரிசையில் பந்து எடுக்கிறவராகவோ இறங்குகிற வாய்ப்புத்தான். ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்த காலம் அது. விடாமல் செய்த ஒன்று, பந்தை எடுத்து எடுத்துப் பழகியது. உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு கிடுகிடுவென்று இருபது செ.மீ.க்கும் மேல் வளர்ந்துவிட்டார். குள்ளப் பிள்ளையாக இருந்து கற்ற அத்தனை வித்தையும் அப்படியே உடம்பில் இருக்க, அதற்கு மேல் உயரமும் வந்து சேர்ந்தது. பிறவியிலேயே நெட்டையாக இருந்திருந்தால் முதல் நாளிலிருந்தே வலைப்பக்கம் நிறுத்தி அடிக்க மட்டும் பழக்கியிருப்பார்கள். நாம் பார்த்த கிம் நமக்குக் கிடைத்திருக்கவே மாட்டார்.

2005-இல் ஹுங்குக் லைஃப் பிங்க் ஸ்பைடர்ஸ் அணி அவரை முதல் தேர்வாக எடுத்தது. அதற்கு முந்தைய பருவத்தில் கடைசி இடத்தில் இருந்த அணி அது. பதினேழு வயதுப் பெண் வந்தார். அணி அதே பருவத்தில் சாம்பியன். சிறந்த புதுமுகம், லீக்கின் சிறந்த ஆட்டக்காரர், இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் என்று மூன்று விருதுகளையும் ஒரே ஆண்டில் அள்ளினார். 2006-07-இல் மறுபடி பட்டம், 2008-09-இல் இன்னொன்று. இடையிடையே முழங்கால் அறுவை சிகிச்சைகள். ஒவ்வொன்றிலிருந்தும் எழுந்து வந்து அதே கோர்ட்டில் நின்றார்.

2009-இல் ஜப்பானின் ஜேடி மார்வெலஸ் அணிக்குப் போனார். அந்த அணி அதே பருவத்தில் தொடர்ந்து 25 ஆட்டங்களில் வென்றது. அங்கே பட்டமும் வாங்கிக் கொடுத்துவிட்டு 2011-இல் இஸ்தான்புல், ஃபெனர்பாச்சே. போன முதல் பருவத்திலேயே ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பை. தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே, அதிகப் புள்ளி எடுத்தவரும் அவரே. ரஷ்யா, பிரேசில், இத்தாலி என்று உலகத்தின் பெரிய கைகளெல்லாம் கூடுகிற லீக் துருக்கியுடையது. அங்கே ஆசியாவிலிருந்து வந்த ஒருவர் ஆறு பருவம் அசைக்க முடியாமல் நின்றார். பிறகு ஷாங்காய். பிறகு மறுபடி இஸ்தான்புல், இந்த முறை எஜ்ஸாஜிபாஷி. எந்த ஊரில் ஆடினாலும் அந்த ஊர் ரசிகர்கள் அவரைத் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே எடுத்துக்கொண்டார்கள்.

2012 லண்டன் ஒலிம்பிக்கைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. கொரியா நான்காம் இடம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிடம் தோற்றது. அப்படியிருந்தும் தொடரின் சிறந்த ஆட்டக்காரராகக் கிம்மைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பதக்கம் வாங்காத அணியிலிருந்து! எட்டு ஆட்டங்களில் 207 புள்ளிகள். தங்கம் வென்ற பிரேசிலையே முதல் சுற்றில் 3-0 என்று கொரியா சாய்த்திருந்தது. கொரியப் பெண்கள் வாலிபாலில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியது ஒரே ஒரு முறை, 1976 மாண்ட்ரியாலில். அந்தப் பழைய வெண்கலத்தின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துவிட வேண்டும் என்கிற ஆசையை ஒரு நாடே அவர் தோளில் ஏற்றியது. அவர் முகம் சுளிக்காமல் சுமந்தார்.

அவர் தோழிகளைச் சுமந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 2014-இல் இஞ்சோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் கொரியா தங்கம் வென்றது. வெற்றி விருந்து என்று ஆட்டக்காரர்களைக் கூட்டிப்போன இடம் ஒரு சாதாரண கிம்ச்சிக் குழம்புக் கடை. பிள்ளைகளின் முகம் வாடியதைப் பார்த்த கிம், பிறகு தன் சொந்தக் காசில் எல்லோருக்கும் நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். 2020-இல் ஹுங்குக் லைஃபுக்குத் திரும்பியபோது 65 கோடி வோன் வரை சம்பளம் வாங்கியிருக்கலாம்; அவர் ஒப்புக்கொண்டது 35 கோடி வோன். அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. தான் அதிகம் எடுத்துக்கொண்டால் அணியின் இளைய ஆட்டக்காரர்களின் பங்கு குறையும் என்பதுதான் காரணம். அதே ஆண்டு ஜனவரியில், தாய்லாந்தின் நக்கோன் ராச்சசீமாவில் டோக்கியோ ஒலிம்பிக்குக்கான ஆசியத் தகுதிச் சுற்று. வயிற்றுத் தசை கிழிந்த நிலையில் இறுதி ஆட்டத்தில் இறங்கி 22 புள்ளி எடுத்து, சொந்த மண்ணில் ஆடிய தாய்லாந்தை 3-0 என்று வென்று அணியை டோக்கியோவுக்கு அழைத்துப் போனார். வயிற்றுத் தசை இல்லாமல் வாலிபாலில் ஒன்றுமே செய்ய முடியாது. எம்பவும் அதுதான், அடிக்கவும் அதுதான்.

டோக்கியோ. 2021 கோடை. இப்போது எழுதும்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் கொரிய அணியின் இரண்டு முக்கிய ஆட்டக்காரர்கள் பள்ளிக்காலத் துன்புறுத்தல் விவகாரத்தில் தேசிய அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஒலிம்பிக்குக்குச் சற்று முன் நடந்த நேஷன்ஸ் லீக்கில் 16 அணிகளில் கொரியாவுக்கு 15-ஆம் இடம். யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. டொமினிக்கன் குடியரசுடன் ஆடும்போது ஒரு டைம் அவுட்டில், வட்டமாக நின்ற தோழிகளிடம் கிம் சொன்னது மைக்கில் விழுந்தது. “ஒரு கை பார்ப்போம், ஒரு கை பார்ப்போம். அப்புறம் வருத்தப்படற மாதிரி வெச்சுக்கக் கூடாது.” கொரியா முழுக்க அந்தச் சொல் பரவியது. அந்த ஆட்டத்தை 3-2 என்று வென்றார்கள்.

ஜூலை 31, ஜப்பானுடன். நான் சுவோனில் வாடகை அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது செட்டில் கொரியா 12-14 என்று பின்தங்கியிருந்தது. ஜப்பானுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி போதும். பயிற்சியாளர் லவரினி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கிம் தோழிகளின் கையைத் தட்டியபடி ஒவ்வொருவராகக் கண்ணுக்குக் கண் பார்த்தார். அடுத்தடுத்து நான்கு புள்ளிகள். 16-14. எங்கள் குடியிருப்பின் அத்தனை மாடியிலிருந்தும் ஒரே நேரத்தில் கத்தல் எழுந்தது. நானும் சன்னலைத் திறந்து தமிழில் கத்தினேன். அந்த ஆட்டத்தில் கிம்முக்கு 30 புள்ளிகள். ஒலிம்பிக் ஆட்டம் ஒன்றில் 30 புள்ளிகளைத் தொட்டது அவருக்கு அது நான்காவது முறை. அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. அந்த ஒலிம்பிக்கில் அவருடைய தொடையை அருகிலிருந்து எடுத்த படம் ஒன்று வெளியானது. டேப் ஒட்டி ஒட்டி, எம்பி எம்பி, நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெடித்துத் தோல் முழுக்கச் சிவந்திருந்தது.

காலிறுதியில் துருக்கி. எதிரே நின்ற கேப்டன் எடா எர்டெம், ஃபெனர்பாச்சேயில் இவரோடு தோளுரசி ஆடிய நெருங்கிய தோழி. கிம் 28 புள்ளி எடுக்க, ஐந்தாவது செட்டை 15-13 என்று கொரியா கைப்பற்றியது. துருக்கிப் பெண்கள் அழுதார்கள். அப்போது அவர்கள் நாட்டில் காட்டுத் தீ எரிந்துகொண்டிருந்தது. கொரிய ரசிகர்கள் துருக்கிக்கு மரக்கன்றுகளை நன்கொடையாக அனுப்பத் தொடங்கினார்கள். ஒரு காலிறுதி முடிந்த கையோடு, வென்ற நாட்டு ரசிகர்கள் தோற்ற நாட்டில் காடு வளர்க்கக் காசு கொடுத்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இரண்டு நாட்டுக்கும் நடுவே பாலமாக இருந்தவர் கிம். அரையிறுதியில் பிரேசிலிடமும் வெண்கல ஆட்டத்தில் செர்பியாவிடமும் தோற்று மறுபடி நான்காம் இடம். அத்துடன் தேசிய அணிக்கு விடை கொடுத்தார். பதக்கம் வரவில்லை. ஆனால் அந்தக் கோடைக்குப் பிறகு கொரியாவில் வாலிபால் பேசாத ஆளை நான் சந்திக்கவில்லை.

அடுத்த ஒரு பருவம் ஷாங்காய். பிறகு 2022-இல் மறுபடி ஹுங்குக் லைஃப். தாய்க்கழகத்தோடு மீண்டும் ஒரு பட்டம் என்பது மட்டும் கைக்கு எட்டாமலே இருந்தது. 2021 இறுதிச் சுற்றில் தோல்வி. 2023-இல் ஐந்து ஆட்ட இறுதியில் முதல் இரண்டையும் வென்றுவிட்டு அடுத்த மூன்றையும் இழந்தார்கள். கொரிய லீக்கில் அதுவரை அப்படி நடந்ததே இல்லை. 2024-இல் மறுபடி இறுதி, மறுபடி தோல்வி. 2025 பிப்ரவரியில், இந்தப் பருவத்தோடு முடித்துக்கொள்கிறேன் என்று அறிவித்தார். அதன் பிறகு அவர் போன ஊரிலெல்லாம் எதிரணிகளே மேடை போட்டுப் பிரியாவிடை கொடுத்தன. நேற்று வரை யாரைத் தோற்கடிக்கத் திட்டம் போட்டார்களோ அவருக்குப் பூங்கொத்து.

இறுதிச் சுற்றில் எதிரே ரெட் ஸ்பார்க்ஸ். இந்தோனேசியாவின் மெகாவதி என்கிற அபாரமான அடிகாரர் இருந்த அணி. ஹுங்குக் லைஃப் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றது. அடுத்த இரண்டையும் தேஜோனில் 2-3, 2-3 என்று இழந்தது. 2023 திரும்பி வந்துவிட்டது என்று எல்லோருக்கும் வயிறு கலங்கியது. ஏப்ரல் 8, ஐந்தாவது ஆட்டம், இஞ்சோன் சம்சான் அரங்கம். சீட்டுக் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

ஏழாவது மெட்ரோ வழித்தடத்தில் அரங்கத்தின் பெயரிலேயே நிலையம் உண்டு. இறங்கியதுமே படிக்கட்டெல்லாம் இளஞ்சிவப்பு. உள்ளே ஆறாயிரம் பேருக்கு ஒரு காலியிடம் கிடையாது. எனக்கு முன் வரிசையில் ஏதோ ஒரு பள்ளியின் வாலிபால் அணிப் பெண்கள், பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். அவர்களில் ஆகக் குட்டையாக இருந்த பெண் பந்தைப் பார்க்கவே இல்லை. எதிரணி சர்வீஸ் போடும்போதெல்லாம் கண்ணைக் கிம் மேல் வைத்து, தன் மடியின் மேல் இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவாள். கிம் தோளைத் தாழ்த்தினால் இவளும் தாழ்த்துவாள். ஆட்டம் முழுக்க அந்தப் பெண் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் செட் 26-24. இரண்டாவதும் 26-24. ரெட் ஸ்பார்க்ஸ் விடவில்லை. 24-26, 23-25 என்று அடுத்த இரண்டையும் பிடுங்கிக்கொண்டது. எதிரே தன்னை விட எத்தனையோ வயது இளையவர்கள். 37 வயது, காலில் இருபது ஆண்டுக் களைப்பு, ஆனாலும் ஐந்தாவது செட்டில் அவர் இன்னும் வேகமாகத்தான் ஓடினார். கடைசிக் கட்டத்தில், தரைக்கும் பந்துக்கும் விரற்கடை இடைவெளி இருந்தபோது, அந்த 192 செ.மீ. உடம்பு முழு நீளத்துக்கும் பாய்ந்து விழுந்து பந்தை மேலே அனுப்பியது. அரங்கமே எழுந்து நின்றது. வாழ்நாளின் கடைசி ஆட்டத்தில், பட்டம் கைக்கெட்டும் தூரத்தில், அவர் தேடிப்போனது முதல் பந்தை! 15-13. சாம்பியன். கணக்கில் 34 புள்ளிகள். தாய்க்கழகத்தோடு 2009-க்குப் பிறகு வந்த பட்டம். வலைக்கு இந்தப் பக்கம் அவரைக் கட்டிக்கொண்டவர்களில் கிம் சு ஜியும் இருந்தார், ஆன்சானில் சின்ன வயதில் கூட ஆடிய அதே தோழி. நான் பக்கத்தில் இருந்த முகம் தெரியாத அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன், அவரும் அழுதார். லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது, இறுதிச் சுற்றின் விருது, இரண்டும் ஒருமனதாக அவருக்கே. முதல் பருவத்தில் வாங்கியதைக் கடைசிப் பருவத்திலும் வாங்கிவிட்டுப் போனார். அவருடைய 10-ஆம் எண்ணை அந்த அணியில் இனி யாரும் அணியமாட்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகும் அவர் சும்மா இல்லை. 2025-இலேயே எம்.பி.சி. தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி. கழகங்கள் கைவிட்டவர்கள், வாய்ப்பே கிடைக்காதவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லோரையும் சேர்த்து ஓர் அணி கட்டி, பயிற்சியாளராக நின்றார். அங்கேயும் அவர் மணிக்கணக்கில் சொல்லிக் கொடுத்தது எங்கே நிற்பது, எப்படி எடுப்பது என்பதைத்தான். அந்த அணியிலிருந்து மறுபடி தொழில்முறை லீக்குக்குப் போனவர்களும் உண்டு. ஒரு காலத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்குத்தான் பெஞ்சில் இருப்பவரின் கை எதற்கு ஏங்குகிறது என்று தெரியும்.

இவரை இதுவரை பார்க்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டோக்கியோவில் ஜப்பானுடன் ஆடிய ஆட்டத்தை எடுத்து முதல் செட்டிலிருந்து பாருங்கள். முதல் தடவை புள்ளிகளுக்காகப் பாருங்கள், பதறுங்கள், கத்துங்கள். இரண்டாம் தடவை 10-ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். உங்கள் தெருவிலோ பள்ளியிலோ வாலிபால் ஆடுகிற பெண் குழந்தை இருந்தால் அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். நீ குட்டை, உனக்கு இந்த ஆட்டம் வராது என்று அவளிடம் யாராவது சொல்லியிருந்தால், கட்டாயம் உட்கார வையுங்கள்.